கபிலர் குன்று: நண்பனின் மகள்களுக்காக அலைந்த புலவர்... தென்பெண்ணை ஆற்றுப் பாறையில் முடிந்த வாழ்க்கை!

கள்ளக்குறிச்சி மாவட்டம்னு சொன்னதும் டூர் போறவங்க மனசுல முதல்ல வர்றது கல்வராயன் மலைதான். வெள்ளிமலை வரைக்கும் பைக்கில் ஏறி, மேகம் அருவி, பெரியார் அருவி எல்லாம் பார்த்துட்டு, கச்சிராயபாளையம் வழியா கீழே இறங்கி வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க.

ஆனா அதே மாவட்டத்தோட இன்னொரு ஓரத்தில், திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றுக்குள்ள ஒரு பெரிய பாறை தனியா நிக்குது. அதன் உச்சியில் செங்கல்லால் கட்டின ஒரு சின்ன சன்னதி. ஊர்க்காரர்கள் அதுக்கு வைத்திருக்கும் பெயர் கபிலர் குன்று.

ஸ்கூல் புத்தகத்தில் படித்த அதே கபிலர்தான். பாரியின் நண்பர். சங்க இலக்கியத்திலேயே அதிகப் பாடல்கள் பாடியவர். அவர் வாழ்க்கை முடிந்த இடம் இந்தப் பாறை என்றுதான் காலம் காலமாகச் சொல்லப்படுகிறது. அவர் ஏன் இங்கே வந்தார்? எப்படி இறந்தார்? பாட்டு ஒன்று சொல்கிறது, கல்வெட்டு வேறொன்று சொல்கிறது. முழுக்கதையையும் பார்க்கலாம் வாங்க.

யார் இந்தக் கபிலர்?

ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர் கபிலர். மதுரைக்குப் பக்கத்தில் உள்ள திருவாதவூர்தான் அவர் பிறந்த ஊர் என்பது மரபு. பல நூற்றாண்டு கழித்து மாணிக்கவாசகர் பிறந்ததும் இதே ஊரில்தான்.

தான் அந்தணன் என்பதை அவரே தன் பாட்டில் சொல்லியிருக்கிறார். பாரி வீட்டில் கறியும் சோறும் சாப்பிட்டதையும், அங்கே கள் சாடிகள் திறந்தபடியே இருந்ததையும் அதே வாயால்தான் சொல்கிறார். எதையும் மறைக்காத ஆள்.

சங்க இலக்கியத்தில் மொத்தம் 2381 பாடல்கள். பாடிய புலவர்கள் 473 பேர். அதில் கபிலர் பெயரில் மட்டும் 230-க்கும் மேல் இருக்கிறது. அதாவது பத்தில் ஒரு பாட்டு அவருடையது!

ஐங்குறுநூற்றில் மூன்றாம் நூறு முழுக்க அவர் பாடியது. பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்து அவருடையது. பத்துப்பாட்டில் குறிஞ்சிப்பாட்டு அவருடையது. கலித்தொகையில் குறிஞ்சிக்கலி அவர் பெயரில்தான் இருக்கிறது. புறநானூறு, அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை என்று எதைத் திறந்தாலும் அவர் இருப்பார்.

மலையைப் பாடியவர்

ஒவ்வொரு சங்கப் புலவருக்கும் ஒரு திணை நன்றாகக் கைவரும். கபிலருக்கு அது குறிஞ்சி. மலையும் மலை சார்ந்த இடமும்.

குறிஞ்சிப்பாட்டு மொத்தம் 261 அடி. அதில் தலைவியும் தோழியும் அருவியில் குளித்துவிட்டுப் பூப்பறிக்கும் ஒரு காட்சி வரும். அந்த ஒரே இடத்தில் 99 பூக்களின் பெயரை வரிசையாக அடுக்கியிருக்கிறார் கபிலர். காந்தள், குறிஞ்சி, வேங்கை, முல்லை, தாழை, வாகை என்று போய்க்கொண்டே இருக்கும். செடி கொடி ஆராய்ச்சி செய்கிறவர்கள் இன்றைக்கும் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எது எந்தப் பூ என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் என்றால் என்ன என்று காட்டுவதற்காக இந்தப் பாட்டைப் பாடினார் என்று பழைய குறிப்பு சொல்கிறது. வெளியூர் ராஜாவுக்குத் தமிழை அறிமுகம் செய்ய அவர் எடுத்துக்கொண்டது ஒரு போரை இல்லை, ஒரு அரண்மனையை இல்லை. மலையில் நடக்கும் ஒரு காதலை.

வெள்ளிமலைப் பக்கம் போனவர்களுக்கு அவர் பாட்டில் வரும் பொருள்கள் புதுசா இருக்காது. தினை, தேன், பலா, கிழங்கு. கல்வராயன் மலைக்காரங்க வாழ்க்கையிலும் இதெல்லாம் உண்டு. கபிலர் அதைத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவர் இல்லை. ஒரு மலையிலேயே தங்கி வாழ்ந்தவர். அந்த மலைதான் பறம்பு.

பாரியும் பறம்பும்

பறம்பு மலை எங்கே இருக்கு? இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள பிரான்மலைதான் அது என்று அடையாளம் சொல்கிறார்கள். அந்த மலையையும் அதைச் சுற்றியிருந்த 300 ஊர்களையும் ஆண்டவன் வேள் பாரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். படர இடமில்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குத் தன் தேரையே விட்டுவிட்டு வந்தவன் என்று எல்லோருக்கும் தெரியும்.

சு.வெங்கடேசன் எழுதிய வேள்பாரி நாவல் மூலமா பாரியையும் கபிலரையும் தெரிந்துகொண்டவர்கள் இப்போது ஏராளம். அது நாவல். ஆனா கபிலரே பாடி வைத்தது புறநானூற்றில் 105-ம் பாட்டில் தொடங்கி வரிசையாக இருக்கிறது. பாரி யார், பறம்பு எப்படி இருந்தது, எப்படி விழுந்தது என்பதற்கு நமக்கு இருக்கும் நேரடி சாட்சி அதுதான்.

சேரன், சோழன், பாண்டியன் மூன்று பேரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டார்கள். மலைக்கு மேல் எதுவும் போக முடியாது. பட்டினி போட்டு இறக்கிவிடலாம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கு பலிக்கவில்லை. உழவர் உழாமலே நான்கு விளைச்சல் தருகிற மலை இது என்று அந்த அரசர்களைப் பார்த்தே பாடினார் கபிலர். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். இது நான்கும் இருக்கும் வரை எத்தனை யானை, எத்தனை தேர் கொண்டுவந்தாலும் பறம்பை எடுக்க முடியாது என்றார். வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறது, ஆயுதத்தைப் போட்டுவிட்டு யாழை எடுத்துக்கொண்டு பாணர் மாதிரி பாடி வாருங்கள், நாட்டையும் மலையையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று கிண்டலும் செய்தார்.

முற்றுகைக் காலத்தில் பறவைகளைப் பழக்கி, தூரத்து வயல்களில் இருந்து நெற்கதிர்களைக் கொண்டுவரச் செய்தார்கள் என்றொரு செய்தியும் உண்டு. பின்னால் கட்டிவிட்ட கதை இல்லைங்க இது. அகநானூற்றில் ஔவையார் அந்தப் பறவைகளைப் பற்றிப் பாடியிருக்கிறார். வெளியிலிருந்து கதிர் கொண்டுவந்து தாக்குப்பிடித்தது கபிலரின் யோசனை என்று நக்கீரர் பெயர் சொல்லியே பாடியிருக்கிறார்.

ஆனால் கடைசியில் பறம்பு விழுந்தது. பாரி இறந்தான்.

இந்த இடத்தில்தான் கபிலரின் வாழ்க்கை திரும்புகிறது. நண்பனோடு சேர்ந்து தானும் போய்விட வேண்டும் என்று நினைத்தார். பாரி விடவில்லை. நீ இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு அவன் மட்டும் போனான். இதைப் பல நாள் கழித்து, தன் கடைசிப் பாட்டில்தான் சொல்கிறார் கபிலர். அதுவும் மனத்தாங்கலோடு.

ஏன் இருக்கச் சொன்னான்? பாரிக்கு மகள்கள் இருந்தார்கள்.

உப்பு வண்டி எண்ணிய பெண்கள்

அங்கவை, சங்கவை என்ற பெயர்களை எல்லோரும் கேட்டிருப்போம். சங்கப் பாடல்களில் அந்தப் பெயர்கள் கிடையாது. பிற்கால மரபில் வந்தவை. சங்க இலக்கியம் அவர்களைப் பாரி மகளிர் என்று மட்டும்தான் சொல்கிறது.

அவர்களும் பாடத் தெரிந்தவர்கள். போன மாதப் பௌர்ணமிக்கு அப்பா இருந்தார், மலையும் எங்களுடையதாக இருந்தது, இந்த மாதப் பௌர்ணமிக்கு இரண்டுமே இல்லை என்ற பொருளில் அவர்கள் பாடிய ஐந்து அடிப் பாட்டு புறநானூற்றில் 112-வது பாடல். தமிழில் இழப்பைப் பற்றி இவ்வளவு சுருக்கமா யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு கபிலர் பறம்பிலிருந்து இறங்கினார். போகும்போது மலையைத் திரும்பிப் பார்த்து வாழ்த்திவிட்டுப் போகிறார். கொஞ்ச தூரம் போன பிறகும் மலை தெரிகிறது என்று ஒரு பாட்டு பாடுகிறார். ஊரை விட்டுப் போனவர்களுக்கு இது புரியும்.

இன்னொரு பாட்டில் ஒரு காட்சி வருகிறது. வழியில் ஒரு எளிய வீடு. கூரையில் சுரைக்கொடி படர்ந்திருக்கிறது. பாரியின் மகள்கள் அங்கே இருக்கும் மேட்டில் ஏறி நின்று, உப்பு வணிகர்களின் வண்டிகள் போவதை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இதே பெண்கள் முன்பு பறம்பு உச்சியில் ஏறி நின்று, படையெடுத்து வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணினார்கள். அதைப் பார்த்துவிட்டு நொந்து போகிறார் கபிலர்.

அவர்கள் செய்தது அதே விளையாட்டுதான். எண்ணும் பொருள் மட்டும் மாறிவிட்டது. கூடவே அவர்கள் வாழ்க்கையும்.

இரண்டு வாசல், இரண்டு மறுப்பு

நண்பனின் மகள்களுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். கபிலர் கையில் நாடு இல்லை, படை இல்லை, சீர் செய்யப் பொருள் இல்லை. பாட்டு மட்டும்தான் இருந்தது.

முதலில் போனது விச்சிக்கோன் என்ற குறுநில மன்னனிடம். இவர்கள் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் மகள்கள், நான் அந்தணன், நான் தருகிறேன், ஏற்றுக்கொள் என்று கேட்டார். அவன் ஏற்கவில்லை.

அடுத்துப் போனது இருங்கோவேளிடம். அங்கே தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்கிறார் என்பது முக்கியம். இவர்களுடைய அப்பாவின் நண்பன் நான், அதனால் இவர்கள் என் மகள்கள் என்கிறார். பரிசு கேட்டு வந்த புலவனாக இல்லாமல், மகளுக்கு மாப்பிள்ளை தேடும் அப்பாவாக நிற்கிறார். இருங்கோவேளின் குலம் 49 தலைமுறை பழமையானது என்று மரியாதையாகத்தான் பேச்சைத் தொடங்குகிறார்.

அவனும் மறுத்துவிட்டான்.

ஏன் மறுத்தார்கள் என்பதை யோசித்தால் புரியும். மூன்று பெரிய அரசர்கள் சேர்ந்து அழித்த குடும்பத்தில் பெண் எடுத்தால், அடுத்த முற்றுகை யாருடைய வாசலில் நடக்கும்?

இங்கேதான் கபிலருக்குக் கோபம் வருகிறது. அரையம் என்ற ஊர் செல்வத்தோடு இருந்து பின்னால் அழிந்துபோன கதையை எடுக்கிறார். இருங்கோவேளின் முன்னோர் ஒருவர் கழாத்தலையார் என்ற புலவரை அவமதித்ததால்தான் அந்த அழிவு வந்தது என்று நேராக முகத்துக்கு எதிரில் சொல்கிறார். இவர்களைப் பாரியின் மகள்கள் என்று சொன்னதற்கு மன்னித்துவிடு என்று ஒரு குத்தும் குத்திவிட்டு வெளியேறுகிறார்.

சேரன் கொடுத்த லட்சம் பொன்

பாரி இறந்த பிறகு கபிலர் சந்தித்த இன்னொரு அரசன் செல்வக்கடுங்கோ வாழியாதன். சேர மன்னன். பாரி போய்விட்டான் என்பதற்காக உன்னிடம் பிச்சை கேட்டு வரவில்லை, உன் கொடையைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தேன் என்ற தொனியில்தான் அவனிடம் பாடத் தொடங்குகிறார். கஷ்டத்திலும் கௌரவத்தை விடவில்லை.

ஒருமுறை இந்த அரசன் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து, இவ்வளவு மென்மையா இருக்கே என்று ஆச்சரியப்பட்டானாம். யானை அங்குசமும் வில்லும் குதிரைக் கடிவாளமும் பிடிப்பதால் உன் கை கரடுமுரடா இருக்கு, உன்னைப் பாடுகிறவர்களின் கைக்குக் கறியும் சோறும் எடுத்துச் சாப்பிடுவதைத் தவிர வேறு வேலையே இல்லை, அதனால் மென்மையா இருக்கு என்று பதில் பாட்டு பாடினார் கபிலர். புறநானூற்றில் 14-வது பாட்டு இது.

பதிற்றுப்பத்தில் ஏழாம் பத்து இவன் மீது பாடப்பட்டது. அதற்குக் கிடைத்த பரிசு 1 லட்சம் காணம் பொன். அதோடு நன்றா என்ற குன்றின் மேல் ஏறி நின்று, கண்ணுக்குத் தெரிந்த நாட்டையெல்லாம் கொடுத்தான் என்று பதிகம் சொல்கிறது.

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கபிலர் கதியில்லாமல் செத்தவர் இல்லை. நினைத்திருந்தால் சேர நாட்டில் வசதியா உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம்.

திருக்கோவிலூர் ஏன்?

அந்தக் காலத்தில் இந்த ஊரின் பெயர் கோவல் அல்லது கோவலூர். ஆண்டவர்கள் மலையமான்கள். அதில் பெரிய பெயர் எடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. இவனும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். பாரியைப் போலவே.

கபிலர் இவனை நான்கு பாடல்களில் பாடியிருக்கிறார். குடித்துவிட்டு மயக்கத்தில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யாருக்கும் முடியும், காரி தெளிவாக இருக்கும்போதே கொடுக்கிறான் என்று புகழ்ந்தார். கண்டிக்கவும் செய்தார். எல்லாருக்கும் கொடுப்பது சுலபம், யாருக்கு என்ன தகுதி என்று தெரிந்து கொடுப்பதுதான் கஷ்டம், புலவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி பார்க்காதே என்று அறிவுரையும் சொன்னார்.

அதில் ஒரு பாட்டு இந்தக் கதைக்கு ரொம்ப முக்கியம். மூவேந்தர்களில் யாராவது ஒருவர் எப்போதும் தங்களுக்குத் துணையாக வரச் சொல்லி காரியிடம் செல்வம் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள், அதையும் அவன் வாரி வழங்கிவிடுவான், மனைவியைத் தவிர அவனுக்குச் சொந்தம் என்று எதுவுமே இல்லை என்கிறது அந்தப் பாட்டு.

அதாவது மூன்று பேருக்கும் தேவைப்பட்டவன் காரி. பாரியின் மகள்கள் பயமில்லாமல் வாழக்கூடிய ஒரு வாசல் இருந்திருந்தால், அது இந்த வாசலாகத்தான் இருந்திருக்க முடியும்.

காரியும் கோவலூரும் வெறும் பாட்டில் வருகிற பெயர்கள் இல்லை. குதிரை உருவம் பொறித்த மலையமான் நாணயங்கள் திருக்கோவிலூர்ப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. கோவலூரை வென்றவன் என்று ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர், திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் உள்ள ஜம்பை குன்றில் தமிழி எழுத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்வெட்டு 1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது.

கபிலர் காரியைப் பாடிய விதம் மற்ற புலவர்களை என்ன செய்தது தெரியுமா? அவர் பாடிய பிறகு நாங்கள் பாடுவதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது என்று மலையமானிடமே சொன்னார் மாறோக்கத்து நப்பசலையார் என்ற பெண்பாற் புலவர். குற்றமில்லாத அறிவுடைய அந்தணன் என்று அவர் கபிலரைப் பாராட்டியதும் அதே பாட்டில்தான்.

பாட்டு சொல்வது என்ன? கல்வெட்டு சொல்வது என்ன?

இப்போது அந்தப் பாறைக்கு வருவோம்.

புறநானூற்றின் 236-வது பாட்டு கபிலர் கடைசியாகப் பாடியது. அதன் அடிக்குறிப்பு, பாரியின் மகள்களைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு கபிலர் வடக்கிருந்தார் என்கிறது. வடக்கிருத்தல் என்றால் வடக்கு நோக்கி உட்கார்ந்து, சாப்பாடு தண்ணீர் விட்டு உயிரை விடுவது. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் செய்தது இதைத்தான்.

அந்தப் பாட்டில் கபிலர் பேசுவது இறந்துபோன பாரியிடம். என்னையும் கூட்டிப் போகாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் போனாயே, இத்தனை வருஷம் என்னைக் காப்பாற்றியதெல்லாம் வெறுப்போடுதானா என்று கேட்கிறார். இந்தப் பிறவியில் எப்படி இருந்தோமோ, அதே மாதிரி அடுத்த பிறவியிலும் உன்னோடு பிரியாமல் இருக்க விதி துணை செய்யட்டும் என்று முடிக்கிறார்.

பாட்டில் திருக்கோவிலூர் இல்லை. பாறை இல்லை. கல்யாணமும் இல்லை.

இதெல்லாம் வருவது கல்வெட்டில். கபிலர் குன்றுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது வீரட்டானேஸ்வரர் கோயில். சிவன் அந்தகாசுரனை அழித்த இடமாகச் சொல்லப்படும் தலம், அட்ட வீரட்டானங்களில் ஒன்று. அங்கே முதலாம் ராஜராஜ சோழன் காலத்து கல்வெட்டு ஒன்று செய்யுள் வடிவில் இருக்கிறது. ராஜராஜன் ஆண்டது பொது ஆண்டு 985 முதல் 1014 வரை.

கபிலர் பாரியின் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்தார், பிறகு பெண்ணையாற்றில் தீ மூட்டி அதில் இறங்கினார், அந்த இடம்தான் கபிலக்கல் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது.

வித்தியாசங்களைக் கவனிச்சீங்களா?

• அடிக்குறிப்பில் மகளிர், அதாவது ஒருவருக்கு மேல். கல்வெட்டில் ஒரு பெண்.
• அடிக்குறிப்பில் பார்ப்பாரிடம் ஒப்படைத்தார். கல்வெட்டில் மலையமானுக்குக் கொடுத்தார்.
• அடிக்குறிப்பில் உண்ணாமல் உயிர்விட்டார். கல்வெட்டில் தீயில் இறங்கினார்.

எது சரி? கபிலருக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் நடுவில் 700 வருஷத்துக்கும் மேல் இடைவெளி இருக்கிறது. அதனால் கல்வெட்டை நேரடி சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ராஜராஜன் காலத்திலேயே இந்தப் பாறைக்குக் கபிலர் பெயர் இருந்தது, அவர் இறந்த இடம் இதுதான் என்று இந்த ஊர் நம்பியது என்பதற்கு அது அசைக்க முடியாத ஆதாரம். ஆயிரம் வருஷமா ஒரு ஊர் தன் ஆற்றுப் பாறையை ஒரு புலவரின் பெயரால் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அந்தக் கல்வெட்டில் இன்னொரு மரணமும் வருகிறது. ராஜராஜனின் அம்மா வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது, பால் குடிக்கும் குழந்தையையும் விட்டுவிட்டு அவரோடு தீயில் இறங்கியவர். தங்கள் குலத்துப் பெண்ணின் முடிவைக் கல்லில் பொறித்த அதே இடத்தில்தான், கபிலரின் முடிவையும் தீயாகவே பொறித்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் இந்தக் கதை இன்னும் மாறியது. ஔவையார் முன்னின்று அங்கவையையும் சங்கவையையும் மலையமான் குலத்து தெய்வீகனுக்குக் கல்யாணம் செய்து வைத்தார் என்று தமிழ் நாவலர் சரிதை வழியாக ஒரு கதை பரவியது. ஒவ்வொரு காலமும் அந்தப் பெண்களுக்கு ஒரு நல்ல முடிவைத் தேடியிருக்கிறது.

ஆனால் எந்தக் கதையை எடுத்தாலும் ஒரு விஷயம் மாறவே இல்லை. வரிசை. முதலில் பெண்களுக்கு ஒரு பாதுகாப்பான இடம். அதற்குப் பிறகுதான் தன் மரணம். நண்பன் இறந்த அன்றைக்கே சாக நினைத்தவர், அந்தச் சாவைத் தள்ளிப்போட்டு, ஊர் ஊரா அலைந்து, இரண்டு அரசர்களிடம் அவமானப்பட்டு, வேலையை முடித்துவிட்டுத்தான் போனார்.

எத்தனை கபிலர்?

கூகுளில் தேடினால் குழப்பம் வரும். அதனால் இதையும் தெரிந்துகொள்ளலாம். தமிழில் கபிலர் என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள்.

இன்னா நாற்பது பாடியவர் ஒரு கபிலர். பதினோராம் திருமுறையில் வருபவர் கபிலதேவ நாயனார். சாதி வேற்றுமையைக் கேள்வி கேட்கும் கபிலர் அகவல் இன்னொருவர் எழுதியது. ஆதி பகவன் பெற்ற ஏழு பிள்ளைகளில் கபிலரும் ஒருவர், திருவள்ளுவரும் ஔவையாரும் கூடப் பிறந்தவர்கள் என்று சொல்லும் கதை இந்த அகவலில்தான் வருகிறது. இவர்கள் எல்லாம் பிற்காலத்தவர்கள். பாரியின் நண்பரான சங்க காலக் கபிலர் வேறு.

அவர் பாடல்கள் நம் கைக்கு வந்ததும் தனிக்கதை. ஓலைச்சுவடிகளில் செல்லரித்துக் கொண்டிருந்தவற்றைத் தேடி எடுத்து உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-லும், புறநானூற்றை 1894-லும் அச்சிட்டார். அது நடக்காமல் போயிருந்தால் 99 பூக்களும் இல்லை, உப்பு வண்டி எண்ணிய பெண்களும் இல்லை. ஆற்றில் ஒரு பாறை மட்டும் மிஞ்சியிருக்கும்.

நேரில் போனால் என்ன பார்க்கலாம்?

கபிலர் குன்று திருக்கோவிலூரின் கீழையூர் பகுதியில், வீரட்டானேஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் தென்பெண்ணைக்குள் இருக்கிறது. வெள்ளிமலையில் இருந்து வருகிறவர்கள் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி, தியாகதுருகம் வழியா திருக்கோவிலூருக்கு வரலாம்.

முதலில் வீரட்டானேஸ்வரர் கோயிலுக்குப் போங்க. சுவர் முழுக்க கல்வெட்டுகள் இருக்கும். ஔவையாரோடு சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்படும் பெரிய யானை கணபதி சன்னதியும் இங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஆற்றங்கரைக்கு வந்தால் பாறை தெரியும். மேலே உள்ள சின்ன செங்கல் கட்டடம் சங்க காலத்தது இல்லை, ரொம்பப் பிற்காலத்தில் கட்டினது. உள்ளே சிவலிங்கம் இருக்கிறது. பழசு அந்தப் பாறையும் அதன் பெயரும்தான்.

அதே ஊரின் மேலையூர் பகுதியில் உலகளந்த பெருமாள் கோயில். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் சந்தித்ததாகச் சொல்லப்படும் ஊர் இது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரகண்டநல்லூரில் பாடல் பெற்ற சிவன் கோயில் ஒன்று பாறை மேல் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆறு வறண்டு கிடக்கும் மாதங்களில் மணலில் நடந்தே பாறைக்குப் பக்கத்தில் போகிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் அந்த வேலை வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணை திறக்கப்பட்டு தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தை இந்தப் பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. தண்ணீர் ஓடும்போது கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

கரையில் நிற்கும்போது ஒன்றை நினைத்துப் பாருங்க. பொதுவா ஆற்று நடுவிலோ மலை உச்சியிலோ ஒரு பழைய சன்னதி இருந்தால், அதற்குப் பின்னால் ஒரு ராஜாவோ ஒரு போர் வெற்றியோ இருக்கும். இந்தப் பாறைக்குப் பின்னால் இருப்பது தோற்றுப்போன ஒரு பக்கம். மலையை இழந்த ஒரு நண்பன், அப்பாவை இழந்த பெண்கள், அவர்களைத் தன் மகள்கள் என்று சொல்லிக்கொண்டு வாசல் வாசலாக நின்ற ஒரு மனிதர்.

பறம்பை வென்ற மூன்று அரசர்களும் யார் யார் என்று கேட்டால் இன்றைக்குச் சட்டென்று பெயர் சொல்ல ஆள் இல்லை. தோற்ற பாரியின் பெயரும், அவன் நண்பனின் பெயரும் ஊருக்கே தெரியும். அடுத்த முறை வெள்ளிமலை டூர் பிளான் போடும்போது, திரும்பி வரும் வழியில் திருக்கோவிலூருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.